தண்டனையல்லாத சிறை
ஐக்கிய அமெரிக்காவின் உள்ளூர்ச் சிறைகளில் குடிவரவுக் கைதிகள்: ஒரு வரலாற்று நோக்கு

சிறைச்சாலை என்றதும் குற்றமும், விசாரணையும், தீர்ப்பும், தண்டனைக் காலமும் ஒன்றன்பின் ஒன்றாக நினைவிற்கு வருதல் இயல்பாகும். நவீன சட்ட முறைமைகள் இவ்வொழுங்கினையே அடிப்படையாகக் கொண்டுள்ளன. ஆயினும், குற்றம் எதுவும் சாட்டப்படாமலும், தண்டனைக் காலம் குறிக்கப்படாமலும், சிறைச்சாலையின் அதே அறையில், அதே உடையுடன், அதே காவலரின் கீழ்ப் பல்லாயிரவர் வைக்கப்பட்டு வந்துள்ளமையை ஐக்கிய அமெரிக்காவின் குடிவரவு வரலாறு எடுத்துக்காட்டுகின்றது. அந்நாட்டிலிருந்து வெளியேற்றப்படவேண்டியவர் எனக் கருதப்பட்டோரும், அங்குப் புகலிடங் கோரி வந்தோருமே இவர்களாவர்.

இவர்களது துன்பங்களுக்குத் தனிப்பட்ட காவலர் சிலரின் கொடுமையே காரணமெனக் கொள்வாருளர். அத்தகைய கொடுமைகள் நிகழ்ந்தமை உண்மையே. எனினும், கடந்த 130 ஆண்டுகளுக்கு மேற்பட்ட வரலாற்றினைத் தொடர்ச்சியாக நோக்குமிடத்து இரு காரணிகள் இடைவிடாது தொழிற்பட்டு வந்தமை புலனாகும். இத்தடுப்புக்காவல் தண்டனையன்று என்னும் சட்டக் கோட்பாடு ஒன்று. தலைக்கு இவ்வளவு என நாட்கணக்கிற் சமஷ்டி அரசு உள்ளூர்ச் சிறைக்கு வழங்கிய பணம் மற்றொன்று. முன்னையது சிறையிலிருந்தோரிடமிருந்து பாதுகாப்பினைப் பறித்தது. பின்னையது அவர்களைச் சிறையில் வைத்திருத்தலை இலாபமுடையதாக்கியது. இவ்விரண்டினது கூட்டினையே இக்கட்டுரை ஆராய முற்படுகின்றது.

முதற்கண் 'உள்ளூர்ச் சிறை' என்பதன் இயல்பினை விளங்கிக்கொள்ளுதல் வேண்டும். ஐக்கிய அமெரிக்காவில் நீண்டகாலத் தண்டனை பெற்றோருக்கான சிறைகளை மாநில அரசுகளும் சமஷ்டி அரசும் நடத்துகின்றன. உள்ளூர்ச் சிறைகளோ பெரும்பாலும் கவுண்டி எனப்படும் ஆட்சிப்பிரிவுகளுக்குரியவை. மக்களால் தெரிவு செய்யப்படும் செரிப் என்னும் அலுவலரே பல இடங்களில் இவற்றுக்குப் பொறுப்பாவார். வழக்கு விசாரணையை எதிர்நோக்கி விளக்கமறியலில் உள்ளோரும், பொதுவாக ஓராண்டிற்கு மேற்படாத தண்டனை பெற்றோருமே இவற்றில் வைக்கப்படுவர். இவ்வாறு மனிதர் சில நாட்களோ சில மாதங்களோ மட்டுமே தங்கிச் செல்லும் இடமாகையால், விசாலமான வெளிமுற்றம், நூலகம், கல்வி வசதி, நீடித்த மருத்துவம் ஆகியவை இக்கட்டடங்களில் அருகியே காணப்படும். குறுகிய காலத்திற்கெனக் கட்டப்பட்ட இவ்விடத்தில், முடிவு எப்போதெனத் தெரியாத காலத்துக்கு மனிதரை வைத்திருந்தமையே குடிவரவுக் கைதிகளின் வாழ்நிலைக்கு முதலாவது அடித்தளமாயிற்று.

இவ்வரலாறு சீனரோடு ஆரம்பமாகின்றது. 1882ஆம் ஆண்டின் சீனர் விலக்குச் சட்டம் சீனத் தொழிலாளர் ஐக்கிய அமெரிக்காவிற்கு வருவதைத் தடை செய்தது. 1892ஆம் ஆண்டின் கியரிச் சட்டம் ஏற்கெனவே அங்கு வாழ்ந்த சீனத் தொழிலாளர் வதிவிடச் சான்றிதழ் பெறல் வேண்டுமெனப் பணித்தது. சான்றிதழ் இல்லாதோர் கைது செய்யப்பட்டு நாடுகடத்தப்படலாம். நாட்டில் இருக்க உரிமையற்றவரெனக் காணப்பட்டோர், வெளியேற்றப்படுமுன் ஓராண்டு வரை கடூழியச் சிறையிலிடப்படவும் அச்சட்டம் இடமளித்தது. இச்சட்டத்தினைச் சீனர் நீதிமன்றத்தில் எதிர்த்தனர். 1893இல் பொங் யூ ரிங் வழக்கில் தீர்ப்பளித்த ஐக்கிய அமெரிக்க உயர் நீதிமன்றம், நாடுகடத்தல் குற்றமொன்றுக்கான தண்டனையன்று எனவும், அந்நியரைத் தம் மண்ணிலிருந்து அகற்றும் அரசின் இயல்பான அதிகாரத்தின் வெளிப்பாடே அது எனவும் விளக்கியது. மூன்று நீதியரசர்கள் இக்கருத்துடன் உடன்படவில்லை.

மூன்றாண்டுகளின் பின், 1896இல், வொங் விங் வழக்கு தீர்க்கப்பட்டது. டிட்ரோயிட் நகரிற் கைதான சீனர் நால்வருக்கு, நீதிமன்ற விசாரணையின்றி, ஆணையாளர் ஒருவரின் கட்டளையால் 60 நாட் கடூழியச் சிறை விதிக்கப்பட்டிருந்தது. முறையான விசாரணையின்றி எவரையும், அவர் அந்நியராயினும், கடூழியச் சிறைக்கு அனுப்புதல் அரசியலமைப்பிற்கு முரணானது என நீதிமன்றம் தீர்த்தது. அந்நியரது உரிமை வரலாற்றில் இத்தீர்ப்பு சிறப்பிடம் பெறுவது தகும். ஆயின் அதே தீர்ப்பில் மற்றுமொரு பகுதியும் உண்டு. நாடுகடத்தலை நிறைவேற்றுதற்குத் தேவையான தற்காலிகத் தடுப்பு, தண்டனையாகாது. ஆகவே அதற்கு இத்தகைய விசாரணை வேண்டுவதில்லை என்பதே அது. தண்டனைக்கும் தடுப்பிற்குமிடையே நீதிமன்றம் இவ்வாறு ஒரு கோடு கிழித்தது. அக்கோட்டின் ஒரு பக்கத்தில் உரிமைகளும் மறுபக்கத்தில் நிருவாக வசதியும் வைக்கப்பட்டன. ஆனால் இருபக்கத்தாரையும் வைத்திருக்கும் கட்டடம் வேறுவேறாக இருத்தல் வேண்டுமெனத் தீர்ப்பு எங்கும் விதிக்கவில்லை. பின்வந்த நூற்றாண்டின் இடர்ப்பாடுகள் பல இவ்விடைவெளியினூடாகவே நுழைந்தன எனலாம்.

கோட்பாடு நடைமுறையில் எவ்வாறமைந்தது என்பதை நியூயோர்க் மாநிலத்தின் வடவெல்லையில் தெளிவாகக் காணலாம். 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலும் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் சீனர் பலர் கனடாவினூடாகப் புகையிரதத்தில் வந்து, மலோன், பிளாட்ஸ்பேர்க் போன்ற சிற்றூர்ப் பகுதிகளில் எல்லையைக் கடந்தனர். 1898இல் வொங் கிம் ஆர்க் வழக்கில், ஐக்கிய அமெரிக்காவிற் பிறந்த சீனர் அந்நாட்டுக் குடிமகனே என உயர் நீதிமன்றம் தீர்த்திருந்தமையால், கைதானோர் பலர் தாம் அங்குப் பிறந்தவரென வாதிட்டனர். சாட்சிகள் தொலைநகர்களிலிருந்து வரும்வரை, ஆணையாளர் விசாரணையை முடிக்கும்வரை, அவர்கள் கவுண்டிச் சிறைகளிலேயே காத்திருந்தனர். சமஷ்டி அரசிடம் அப்பகுதியிற் போதிய தடுப்பிடங்கள் இருக்கவில்லை. ஆதலால் செரிப்மாரிடம் கைதிகளை ஒப்படைத்து அதற்கெனப் பணம் வழங்கியது. சிற்றூர்ச் சிறைகள் தம் கொள்ளளவிற்கு மேலாக நிரம்பின. நெருக்கடி கைதிகளுக்குத் துன்பமாகவும், கவுண்டிக்கு வருவாயாகவும் ஒரே வேளையில் அமைந்தது. வரலாற்றாசிரியர் பிரியானா நோபில் 2024இல் வெளியிட்ட, குடிவரவுக் கைதிகளின் சிறைகள் பற்றிய நூல் மலோனின் இவ்வரலாற்றினை விரிவாக ஆராய்ந்துள்ளது. பிற்காலத்திற் பெருநிறுவனமாக வளர்ந்த ஒப்பந்த முறையின் வித்து இச்சிற்றூர்களிலேயே ஊன்றப்பட்டது என்பது குறிப்பிடத்தக்கது.

குடிவரவுக் காவல் என்றதும் பொதுமக்கள் நினைவிற் கொள்வது இரு தீவுகளையே. 1892இல் திறக்கப்பட்ட எல்லிஸ் தீவில் ஐரோப்பியருட் பெரும்பாலோர் சில மணி நேரத்திலேயே விடுவிக்கப்பட்டனர். சன் பிரான்சிஸ்கோ விரிகுடாவில் 1910 முதல் 1940 வரை இயங்கிய ஏஞ்சல் தீவிலோ சீனர் வாரக்கணக்கிலும் மாதக்கணக்கிலும் தடுத்து வைக்கப்பட்டனர். விசாரணை முடியும்வரை உறவினரைச் சந்திக்க அனுமதியின்றிப் பூட்டிய மண்டபங்களில் அவர்கள் காத்திருந்தனர். அங்கிருந்தோர் மரச்சுவர்களிற் செதுக்கிய சீனக் கவிதைகளுள் இருநூறுக்கு மேற்பட்டவை பிற்காலத்திற் பதிவு செய்யப்பட்டுள்ளன. தீவுகள் நினைவுச் சின்னங்களாகிவிட்டன. அவற்றைக் காணப் பயணிகள் செல்கின்றனர். கவுண்டிச் சிறைகளோ இன்றும் சிறைகளாகவே உள்ளமையால் அவற்றின் சுவர்களில் எழுதப்பட்டவை காலத்துக்குக் காலம் வெள்ளையடிக்கப்பட்டு மறைந்திருக்கும். குடிவரவு வரலாற்றின் இப்பகுதி பொதுநினைவில் இடம்பெறாமைக்கு இதுவும் ஒரு காரணமாதல் கூடும்.

இரண்டாம் உலகப்போரின் பின்னர் இக்கொள்கையில் ஒரு திருப்பம் ஏற்பட்டது. 1953இல் மெசெய் வழக்கில், எந்நாடும் ஏற்க மறுத்த ஒருவரை விசாரணையின்றி எல்லிஸ் தீவில் காலவரையின்றி வைத்திருக்கலாமென உயர் நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற பெரும்பான்மையால் தீர்த்தது. இதற்கெழுந்த கண்டனம் வலுவானதாயிருந்தது. 1954 நவம்பரில் சட்டமா அதிபர் ஹேர்பேர்ட் பிரௌனெல், தப்பியோடக்கூடியோரையும் பாதுகாப்பிற்கு ஊறு விளைவிக்கக்கூடியோரையும் தவிர ஏனையோரைத் தடுத்துவைக்கும் வழக்கம் கைவிடப்படுமென அறிவித்தார். எல்லிஸ் தீவும் மூடப்பட்டது. எனினும் அதே 1954இல் மெக்சிக்கோத் தொழிலாளரைத் திரளாகப் பிடித்து எல்லைக்கப்பால் அனுப்பிய பெரும் நடவடிக்கையும் இடம்பெற்றது. எனவே, தளர்வு எல்லோர்க்கும் பொதுவானதாயிருந்தது எனக் கொள்ளுதற்கில்லை. ஆயினும் தடுத்துவைத்தல் விதிவிலக்கேயன்றி விதியன்று என்னும் கொள்கை ஏறத்தாழக் கால் நூற்றாண்டு நிலவியது. தடுப்பின்றியும் குடிவரவுச் சட்டத்தினை நடைமுறைப்படுத்தலாம் என்பதற்கு இக்கால் நூற்றாண்டே வரலாற்றுச் சான்றாகும்.

1980இல் கியூபாவின் மரியெல் துறைமுகத்திலிருந்து ஏறத்தாழ 125,000 பேர் படகுகளில் வந்து சேர்ந்தனர். ஹெயிட்டியிலிருந்தும் பல்லாயிரவர் வந்தனர். 1981இல் றீகன் நிருவாகம் ஹெயிட்டி மக்களைத் தடுத்துவைக்கும் கொள்கையைக் கையாண்டது. அடுத்த ஆண்டில் நீதிமன்றம் தலையிட்டு ஏறத்தாழ 1,800 பேரை விடுவித்தபோதும், கொள்கை புதிய விதிகளின் வடிவில் நிலைபெற்றது. 1996இல் நிறைவேறிய இரு சட்டங்கள் நிலைமையை முற்றாக மாற்றின. குற்றத் தீர்ப்புப் பெற்ற அந்நியருட் பலவகையினரைப் பிணையின்றித் தடுத்துவைத்தல் அவற்றாற் கட்டாயமாயிற்று. பல்லாண்டுகளுக்கு முன் தண்டனை அனுபவித்து முடித்தோரும் நாடுகடத்தலுக்குள்ளாயினர். ஆவணமின்றி எல்லைக்கு வரும் புகலிடங் கோருவோரும் தடுப்பிற்குட்படுத்தப்பட்டனர். 1994இல் நாளொன்றுக்குச் சராசரியாக ஏறத்தாழ 7,000 ஆக இருந்த கைதிகளின் எண்ணிக்கை 2001இல் ஏறத்தாழ 20,000 ஆக உயர்ந்தது.

இப்பெருக்கத்திற்கேற்ற தடுப்பிடங்கள் குடிவரவுச் சேவையிடம் இருக்கவில்லை. நூறாண்டுகளுக்கு முன் மலோனிற் செய்தது போலவே அது கவுண்டிகளை நாடியது. மனித உரிமைகள் கண்காணிப்பகம் 1998 செப்ரெம்பரில் வெளியிட்ட விரிவான அறிக்கையின்படி, அப்போதைய குடிவரவுக் கைதிகளுள் ஐந்தில் மூன்று பங்கிற்கு மேற்பட்டோர் உள்ளூர்ச் சிறைகளிலேயே இருந்தனர். அவ்வறிக்கையும் அக்காலப் பிற ஆவணங்களும் தரும் செய்திகளிலிருந்து அன்றாட வாழ்நிலையினை ஓரளவு அறியலாம்.

சிறைக்குட் சென்றவுடன் குடிவரவுக் கைதிக்கும் ஏனைய கைதிகளுக்கும் இடையிலான வேறுபாடு மறைந்துவிடும். அதே நிற உடை வழங்கப்படும். இடமாற்றத்தின்போது கைவிலங்கும் கால்விலங்கும் பூட்டப்படும். வன்செயற் குற்றஞ் சாட்டப்பட்டோருடன் ஒரே அறையில் உறங்கவேண்டிய நிலையும் ஏற்படும். பல சிறைகளில் வெளிமுற்றம் இன்மையால் மாதக்கணக்கிற் சூரிய ஒளியைக் காணாதிருந்தோரும் உளர். காண வரும் மனைவி மக்களுடன் கண்ணாடித் தடுப்பிற்கு அப்பாலிருந்தே பேசவேண்டும். தொலைபேசி அழைப்பின் கட்டணத்தை எதிர்முனையிலுள்ளவர் ஏற்றாலன்றிப் பேச முடியாத முறை பல சிறைகளில் இருந்தது. அக்கட்டணமும் வெளிவிலையிலும் அதிகமானது. வெளிநாட்டிலுள்ள உறவினருக்கோ தூதரகத்துக்கோ இம்முறையில் அழைப்பது அரிதாயிற்று.

மொழியே இவர்களை ஏனைய கைதிகளினும் கீழான நிலைக்குத் தள்ளியது. சிறை விதிகள் ஆங்கிலத்தில் எழுதப்பட்டிருந்தன; காவலரின் கட்டளைகளும் ஆங்கிலத்திலேயே அமைந்தன. கட்டளை விளங்காது நின்றவன் கீழ்ப்படியாதவனாகக் கருதப்பட்டுத் தனியறையில் அடைக்கப்பட்டான். தனக்கு என்ன நோவு என்பதை மருத்துவருக்கு எடுத்துரைக்க மொழிபெயர்ப்பாளர் இல்லாதவிடத்துச் சக கைதியொருவரே மொழிபெயர்க்க நேர்ந்தது. தாயகத்திற் சித்திரவதைக்குட்பட்டுப் புகலிடந் தேடி வந்தவர், தாம் தப்பியோடி வந்த சிறையையே மீண்டும் கண்டதாக உணர்ந்ததில் வியப்பில்லை.

இவற்றினும் கொடியது காலத்தின் நிச்சயமின்மை. தண்டனை பெற்ற கைதி தன் விடுதலை நாளைச் சுவரிற் குறித்து எண்ணலாம். குடிவரவுக் கைதிக்கு எண்ணுதற்கு நாளில்லை. தன் வழக்கு எந்நிலையிலுள்ளது எனச் சிறைக் காவலரைக் கேட்டால், அது குடிவரவு அதிகாரிகளின் விடயம் என்பர். சிறையின் உணவையோ மருத்துவத்தையோ பற்றி, அரிதாக வரும் குடிவரவு அலுவலரிடம் முறையிட்டால், அது சிறை நிருவாகத்தின் பொறுப்பு என்பார். இரு அதிகாரங்களுக்கும் உட்பட்டவன் இரு அதிகாரங்களாலும் கைவிடப்பட்டவனானான்.

'தண்டனையன்று' என்னும் கோட்பாட்டின் விளைவு சட்டத்துறையில் மேலும் தெளிவாகத் தெரியும். 1963இல் கிடியன் வழக்கின் தீர்ப்பிற்குப் பின், பாரதூரமான குற்றஞ் சாட்டப்பட்ட வறியவருக்கு அரசு செலவிலேயே வழக்கறிஞரை நியமித்தல் கட்டாயமாயிற்று. குடிவரவு வழக்கு குற்றவியல் வழக்கன்று. ஆதலின் கைதி வழக்கறிஞரை வைத்துக்கொள்ளலாம், ஆனால் அது அரசின் செலவிலன்று என்பதே சட்டம். இதனால் ஒரே அறையிலிருக்கும் இருவருள், கொள்ளைக் குற்றஞ் சாட்டப்பட்டவருக்கு வழக்கறிஞர் உண்டு. புகலிடங் கோரியவருக்கு இல்லை என்னும் முரண்நிலை தோன்றிற்று. வழக்கறிஞரைப் பெற்றவரும், படுக்கை வெற்றிடமாயுள்ள மற்றொரு மாநிலச் சிறைக்கு முன்னறிவித்தலின்றி மாற்றப்படுகையில் அவ்வுதவியை இழந்தார்.

இக்கோட்பாட்டின் நிழலில் நிகழக்கூடியவற்றிற்கு நியூ ஜேர்சி மாநிலத்தின் 1995ஆம் ஆண்டு நிகழ்ச்சி எடுத்துக்காட்டாகும். அவ்வாண்டு ஜூன் மாதத்தில் எலிசபெத் நகரில் தனியார் கம்பனியொன்று நடத்திய தடுப்பு நிலையத்தில் கிளர்ச்சி மூண்டது. அதன்பின் யூனியன் கவுண்டிச் சிறைக்கு மாற்றப்பட்ட குடிவரவுக் கைதிகளைக் காவலர் இருவரிசையாக நின்று அடித்தும், ஆடை களைந்தும், தவழச் செய்தும் இழிவுபடுத்தினர். காவலர் மூவர் 1998இல் நீதிமன்றத்தாற் குற்றவாளிகளாகக் காணப்பட்டனர். தனிமனிதர் தண்டிக்கப்பட்டனர், கைதிகளை அவர்களிடம் கொண்டு சேர்த்த முறையோ தொடர்ந்தது.

இதற்கு மாறான மற்றொரு காட்சி பென்சில்வேனியா மாநிலத்தின் யோர்க் கவுண்டிச் சிறையிற் காணப்படுகின்றது. 1993 ஜூன் 6ஆம் நாள், பெரும்பாலும் பூஜியான் மாகாணத்தவரான 286 சீனரை ஏற்றிவந்த கோல்டன் வெஞ்சர் என்னும் கப்பல் நியூயோர்க்கின் குவீன்ஸ் கரையிற் தரைதட்டியது. கடலிற் குதித்தோருட் பத்துப்பேர் இறந்தனர். எஞ்சியோருள் நூற்றுக்கு மேற்பட்டோர் யோர்க் சிறைக்கு அனுப்பப்பட்டனர். சிலர் நாடுகடத்தப்பட்டனர், சிலர் படிப்படியாக விடுவிக்கப்பட்டனர். எஞ்சியிருந்த 53 பேர், ஜனாதிபதி கிளின்ரனின் கட்டளையால் 1997 பெப்ரவரியில் விடுதலை பெற்றபோது ஏறத்தாழ மூன்றாண்டுகளும் எட்டு மாதங்களும் கழிந்திருந்தன. குறுகிய காலத் தங்கலுக்கான கவுண்டிச் சிறையில், குற்றத் தண்டனை எதுவுமின்றிக் கழித்த காலம் இது.

அக்காலத்தில் அவர்கள் சஞ்சிகைத் தாள்களை மடித்தும், கழிப்பறைக் கடதாசியை நீரிற் பிசைந்தும் கழுகுகள், மரங்கள், கப்பல்கள், பறவைக்கூடுகள் எனப் பல்லாயிரம் உருவங்களைச் செய்தனர். அவற்றை விற்றுப் பெற்ற பணம் வழக்குச் செலவிற்கு உதவியது. யோர்க் நகரத்தவருட் பலர், அரசியற் கருத்தால் வேறுபட்டோராயினும், சிறைக்கு வெளியே வாரந்தோறும் கூடி வழிபாடு நடத்தினர். வழக்கறிஞர் பலர் ஊதியமின்றி வாதாடினர். பொதுவாகத் தொலைதூரத்து அந்நியராக எண்ணப்படும் குடிவரவுக் கைதியை உள்ளூர்ச் சிறை அயலவராக்கிய அரிய சந்தர்ப்பம் இது. எனினும் இதே காலத்தில் இக்கைதிகளுக்கென வழங்கப்பட்ட நாட்கட்டணம் அக்கவுண்டிக்கு வருவாயாகவும் அமைந்தது. ஒரே ஊர் கைதிகளுக்காக மன்றாடவும் செய்தது. அவர்களது காவலால் வரவு செலவுத் திட்டத்தைச் சமப்படுத்தவும் செய்தது. இம்முரண்பாடு மனிதரின் இயல்பிலிருந்தன்றி, முறையின் அமைப்பிலிருந்தே எழுந்தது.

பணத்தின் பங்கினைச் சற்று விரித்து நோக்குதல் பொருத்தமானது. அரசுகளுக்கிடையிலான சேவை ஒப்பந்தம் என்னும் முறையின்கீழ்ச் சமஷ்டி அரசு ஒரு படுக்கைக்கு ஒரு நாளுக்கு இவ்வளவு எனக் கவுண்டிக்கு வழங்குகின்றது. உண்மைச் செலவு அத்தொகையிலும் குறைவாயின் எஞ்சியது வருவாயாகும். எனவே உணவிலும், மருத்துவத்திலும், மொழிபெயர்ப்பிலும் மிச்சம் பிடித்தல் இம்முறைக்குள்ளேயே பொதிந்துள்ள தூண்டுதலாகும். வெற்றுப் படுக்கை நட்டமாகையால், பெரிய சிறையைக் கட்டிய கவுண்டி அதனை நிரப்பவும் முனைந்தது. சமஷ்டி மட்டத்திலும் இதே போக்கு வளர்ந்தது. 2010ஆம் நிதியாண்டிற்கான ஒதுக்கீட்டுச் சட்டம் 33,400 தடுப்புப் படுக்கைகளைப் பேணுமாறு பணித்தது. பின்னர் இது 34,000 ஆயிற்று. 2017 வரை இவ்வாசகம் நீடித்தது. சில இடங்களில் கைதிகள் துப்புரவு, சமையல் முதலிய வேலைகளுக்கு நாளொன்றுக்கு ஒரு டொலர் பெற்றனர். கடூழியத்தை 1896இல் நீதிமன்றம் விலக்கியது. ஒரு டொலர் வேலை 'தன்விருப்பம்' என்னும் பெயரால் அதன் அருகே வந்து நின்றது.

சீர்திருத்த முயற்சிகள் இல்லாமலில்லை. 2000ஆம் ஆண்டில் தடுப்புக்காவல் நியமங்கள் வெளியிடப்பட்டன; 2008, 2011, 2019 ஆகிய ஆண்டுகளில் இவை திருத்தப்பட்டன. ஆனால் இவை சட்டவிதிகளாக ஆக்கப்படவில்லை. மீறப்பட்டவிடத்துக் கைதி இவற்றையே நேரடி ஆதாரமாகக் கொண்டு வழக்குத் தொடருதல் அரிது. 2009இல் சமஷ்டி அரசின் வேண்டுகோளின்பேரில் அறிக்கை தயாரித்த டோரா ஷிரிரோ, சிறை நிருவாகத்தில் நீண்ட அனுபவமுடையவர். ஏறத்தாழ 32,000 பேரை நாள்தோறும் வைத்திருந்த இத்தடுப்பிடங்கள், சில விலக்குகள் நீங்க, சிறைகளாகவே கட்டப்பட்டுச் சிறைகளாகவே நடத்தப்படுகின்றன என அவர் எழுதினார். 1896இல் நீதிமன்றம் சொல்லாமல் விட்டதை, 113 ஆண்டுகளின் பின் அரசின் அறிக்கையே ஒப்புக்கொண்டது.

நீதிமன்றங்களின் போக்கு ஒரே சீராக அமையவில்லை. 2001இல் சட்விடாஸ் வழக்கில், வெளியேற்றக் கட்டளைக்குப் பின் அதனை நிறைவேற்ற இயலாதவிடத்து ஆறுமாதத்திற்கு மேற்பட்ட தடுப்பிற்கு நியாயம் காட்டப்படல் வேண்டுமென உயர் நீதிமன்றம் தீர்த்தது. 2003இலும் 2018இலும் வெளிவந்த தீர்ப்புகள் கட்டாயத் தடுப்பிற்குச் சாதகமாயின. 2017இல் எல்லையைக் கடந்து ஏறத்தாழ 25 யார் தூரத்திற் பிடிபட்டுத் தடுத்துவைக்கப்பட்ட இலங்கைத் தமிழர் ஒருவரின் வழக்கு, 2020இல் இதே நீதிமன்றத்தின் முன் வந்தது. புகலிடக் கோரிக்கை தொடக்கத்திலேயே நிராகரிக்கப்பட்டதை ஆட்கொணர்வு மனு மூலம் மீளாய்வு செய்ய அவருக்கு உரிமையில்லை என ஏழு நீதியரசர்கள் முடிவு செய்தனர். அமெரிக்க மண்ணில் நின்றவர் சட்டத்தின் கண்ணில் எல்லைக்கு வெளியே நிற்பவராகவே கொள்ளப்பட்டார். 19ஆம் நூற்றாண்டிற் சீனருக்கென வகுக்கப்பட்ட கோட்பாட்டின் நிழல் இவ்வளவு தொலைவிற்கு நீண்டமை சிந்திக்கத்தக்கது.

அரசின் பக்க வாதத்தினையும் இங்கு நோக்குதல் நேர்மையாகும். தன் எல்லைக்குள் வருவோரைத் தீர்மானிக்கும் உரிமை எந்நாட்டிற்கும் உண்டு. வெளியேற்றக் கட்டளை பெற்றோருட் சிலர் மறைந்துவிடுவதும் உண்மை. பரந்த நாட்டில் ஊருக்கு ஊர் தனித் தடுப்பிடம் அமைத்தல் இயலாதாகையால் உள்ளூர்ச் சிறையைப் பயன்படுத்தல் சிக்கனமானது என்றும், கைதியைக் குடும்பத்துக்கு அண்மையில் வைத்திருக்க அது உதவுமென்றும் கூறுவர். இறுதியாகக் கூறியதற்கு வலுவுண்டு. 2021இல் இலினோய், நியூ ஜேர்சி ஆகிய மாநிலங்கள் இத்தகைய ஒப்பந்தங்களைத் தடைசெய்யச் சட்டமியற்றின. அதே ஆண்டில் யோர்க் கவுண்டியின் ஒப்பந்தமும் முடிவுற்றது. ஆனால் கைதிகளுட் பலர் விடுவிக்கப்படவில்லை. தொலைவிலுள்ள வேறு இடங்களுக்கு மாற்றப்பட்டனர். பென்சில்வேனியாவிலேயே, மூடப்பட்டிருந்த சமஷ்டிச் சிறையொன்று தனியார் கம்பனியின் கீழ்க் குடிவரவுத் தடுப்பிடமாக மீளத் திறக்கப்பட்டது. கட்டடத்தை மாற்றியதால் கோட்பாடு மாறவில்லை. எனவே, சிக்கல் உள்ளூர்ச் சிறை என்னும் இடத்தில் மட்டும் தங்கியதன்று.

2025இல் நாளொன்றுக்குத் தடுப்பிலிருந்தோர் தொகை 60,000ஐத் தாண்டியது. அவ்வாண்டு ஜூலையில் நிறைவேறிய சட்டம் தடுப்புக்காவலுக்கென 4,500 கோடி டொலரை ஒதுக்கியது. கவுண்டிச் சிறைகள் மீண்டும் நாடப்பட்டன. மலோனில் ஆரம்பித்த கொடுக்கல் வாங்கல் வளர்ந்த அளவினை இவ்வெண்கள் காட்டுகின்றன.

தொகுத்து நோக்குமிடத்து, சொல்லொன்று மனித வாழ்வில் எத்துணை ஆற்றலுடையதாகலாம் என்பதை இவ்வரலாறு உணர்த்துகின்றது. 'தண்டனை' எனப் பெயரிடப்பட்டிருப்பின், அதனோடு விசாரணையும், வழக்கறிஞரும், கால எல்லையும் கூடவே வந்திருக்கும். அப்பெயர் மறுக்கப்பட்டமையால் இவையும் மறுக்கப்பட்டன. பூட்டும், விலங்கும், கண்ணாடித் தடுப்பும் மட்டுமே எஞ்சின. உணவு, மருந்து, மொழிபெயர்ப்பு ஆகியவற்றில் நியமங்களைத் திருத்துதல் நன்றே. ஆயின் இத்தடுப்பு உண்மையிலேயே தண்டனையன்றெனின், அது தண்டனைக்குரிய இடத்திலும், தண்டனைக்குரிய முறையிலும் நிகழ்தல் ஆகாது; அது தண்டனையேயாயின், தண்டிக்கப்படுவோர்க்குரிய பாதுகாப்பினை மறுத்தலும் ஆகாது. வொங் விங் வழக்கு 1896இல் எழுப்பிய இவ்வினாவின் முற்பாதிக்கே விடை கிடைத்துள்ளது. கவுண்டிச் சிறையின் உள்ளே இருப்பவர் பிற்பாதிக்கான விடையையே எதிர்நோக்கியுள்ளார். நாட்களை எண்ணுதற்கு அவருக்கு இன்னும் இறுதி நாளொன்று குறிக்கப்படவில்லை.